மூடப்பட்ட பெட்ரோல் பங்க் இடங்களின் அருகே நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி?

ஒரு பெட்ரோல் பங்க் மூடப்பட்டால் பம்புகளும் கூரையும் பெயர்ப்பலகையும் சில நாள்களில் அகற்றப்பட்டுவிடும். இடம் கைமாறும், அங்கே அடுக்குமாடிக் குடியிருப்போ கடைகளோ எழும்பும். ஆனால் பல ஆண்டுகளாகத் தொட்டியின் துருப்பிடித்த அடிப்பகுதியிலிருந்தும் குழாய் இணைப்புகளிலிருந்தும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மண்ணில் இறங்கிய எரிபொருளை யாரும் அகற்றியிருக்கமாட்டார்கள். அந்த இடத்திலும் அதைச் சுற்றியும் கிணற்று நீரைப் பயன்படுத்தும் மக்கள், குடியிருப்போர் சங்கத்தினர், உள்ளாட்சிப் பொறியாளர்கள், இடத்தை வாங்க நினைப்பவர்கள் ஆகியோருக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். சென்னையையும் தமிழ்நாட்டின் பாறை மாவட்டங்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதினாலும், அளவிடும் முறைகள் எங்கும் பொருந்தும்.

மிகச் சிறிய கசிவையும் ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் பென்சீன் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.8 கிராம் பென்சீன் இருக்கும். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அமெரிக்காவில் சட்டப்படியான உச்ச வரம்பு இதில் பாதி, அதாவது 5 மைக்ரோகிராம். அந்த 8.8 கிராம் முழுவதும் நீரில் கரைந்தால், 8.8 லட்சம் லிட்டர் நீரை 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குக் கொண்டுபோக அது போதும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளாகக் கணக்கிட்டால் எழுபதுக்கும் மேற்பட்ட லாரி நீர். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள். இரத்தப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு நன்கு அறியப்பட்டது.

நீரில் பெட்ரோல் வாடை வரவில்லை, ஆகவே நீர் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. நீரில் கலந்த பென்சீனை மூக்கு உணர லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் இருக்க வேண்டும். அது வழிகாட்டு அளவைப்போல் ஆயிரம் மடங்கு. வாடை வந்தால் மாசு இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம். வாடை வராததை வைத்து மாசு இல்லை என்று சொல்ல முடியாது.

சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் தரைக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவு வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில், சுன்னாகம் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இவை இரண்டும் பெட்ரோல் பங்க் நிகழ்வுகள் அல்ல. ஆனால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இறங்குவதும், வெளியே தெரியவரும்போது ஏற்கெனவே பரவியிருப்பதும் பங்க் கசிவுக்கும் பொருந்தும். இரு இடங்களிலும் மாசை முதலில் கண்டவர்கள் அதற்கென அமைக்கப்பட்ட கண்காணிப்புக் கிணறுகளை அளந்தவர்கள் அல்லர். நீர் இறைத்த வீட்டுக்காரர்கள்.

முதலில் இடத்தின் வரலாறு

கருவியைக் கையில் எடுக்கும் முன் தாளைக் கையில் எடுக்க வேண்டும். இந்தியாவில் பெட்ரோலியச் சட்டம் 1934இன் கீழும் பெட்ரோலிய விதிகள் 2002இன் கீழும் ஒவ்வொரு பங்க்குக்கும் உரிமம் வழங்கப்படுகிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அதை வழங்குகிறது. உரிமத்தோடு ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்று இருக்கும். தொட்டிகள் எத்தனை, அவை எங்கே புதைக்கப்பட்டன, நிரப்பும் வாய் எது, காற்றுப்போக்கிக் குழாய் எங்கே நின்றது என்பன அதில் தெரியும். பழைய உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பியுங்கள்.

வரைபடத்தில் இல்லாதவற்றை அக்கம்பக்கத்து முதியவர்களே சொல்வார்கள். வாட்டர் சர்வீஸ் மேடை எங்கே இருந்தது, வண்டிகளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை எந்தக் குழியில் கொட்டினார்கள், தொட்டி எப்போதாவது மாற்றப்பட்டதா, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பங்க் நடந்தது ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு மிக முக்கியம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு நடந்த பங்க் என்றால் ஈயத்தையும், ஈயத்தோடு சேர்த்துக் கலக்கப்பட்ட டைபுரோமோஈத்தேன், டைகுளோரோஈத்தேன் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். இவற்றுள் டைபுரோமோஈத்தேனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு வெறும் 0.4 மைக்ரோகிராம்.

தொட்டிகள் அகற்றப்பட்டனவா, மணலோ கலவையோ நிரப்பி அப்படியே விடப்பட்டனவா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். காலியாக விடப்பட்ட தொட்டி எரிபொருள் நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அது காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தங்கி நிற்கும். தொட்டியின் மூடியைத் திறப்பது, அதை வெட்டுவது, உள்ளே இறங்குவது ஆகியவை உரிய உரிமமும் கருவியும் உள்ளவர்களின் வேலை.

இருக்கும் கிணறுகளைக் கணக்கெடுத்தல்

இடத்தைச் சுற்றி 200 மீட்டர் வரை உள்ள எல்லாக் கிணறுகளையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அது திறந்த கிணறா, கை போரா, கம்ப்ரசர் போட்டுத் தோண்டிய ஆழ்துளைக் கிணறா, எத்தனை அடி ஆழம், உறைக் குழாய் (மேல்மண் சரியாமல் இறக்கும் துளையில்லாத குழாய்) எத்தனை அடி வரை இறங்கியிருக்கிறது, நீர் எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுங்கள். உறைக் குழாயின் ஆழத்தைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

எரிபொருள் நீரைவிட இலேசானது. பெட்ரோலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. டீசல் சற்றே கூடுதல். ஆகவே அது நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். அதிலிருந்து கரைந்து வரும் பொருள்களும் முதலில் நீரின் மேற்பகுதியிலேயே நகரும். 400 அடி ஆழத்திலுள்ள பாறை வெடிப்பிலிருந்து நீர் இறைக்கும் கிணற்றில் மாதிரி எடுத்து, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினால், 20 அடியில் இருக்கும் மாசைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. மாறாக, பழைய திறந்த கிணறு நீர்மட்டத்தை அப்படியே காட்டும் சாளரம். குப்பை கொட்டி மூடப்படும் நிலையிலுள்ள அத்தகைய கிணறுகளைக் காப்பாற்றி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாடை வரும் கிணற்றுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. அதன் அருகில் தீக்குச்சி, பீடி, வெல்டிங் ஆகியவை கூடாது. மோட்டார் சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறியும் போதும். ஆள் இறங்காமல் மேலிருந்தே செய்யும்படியாகத்தான் கீழே சொல்லும் எல்லா வேலைகளும் அமைந்துள்ளன.

கண்காணிப்புக் கிணறு அமைத்தல்

இருக்கும் கிணறுகள் போதாதபோது புதியவை தேவைப்படும். குறைந்தது மூன்று வேண்டும். அவை ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அமைய வேண்டும். ஒன்று நிலத்தடி நீர் ஓடி வரும் பக்கம். அங்கே மாசு தெரிந்தால் அது வேறு இடத்திலிருந்து வருகிறது என்று பொருள். மற்ற இரண்டு நீர் போகும் பக்கம். திசை முன்கூட்டியே தெரியாதென்பதால் முக்கோணத்தை அமைத்து அளந்த பிறகே நான்காவது, ஐந்தாவது கிணறுகளின் இடத்தைத் தேர்வது சிக்கனமான வழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் தோண்டிவிட்டுப் பிறகு பாதிக் கிணறுகள் பயனற்றவை என்று அறிவது வீண் செலவு. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 1987ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், தோண்டும் முன் அனுமதி குறித்துக் கேட்டறியுங்கள். மின்கம்பி, கழிவுநீர்க் குழாய், பழைய எரிபொருள் குழாய் ஆகியவற்றின் தடத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கண்காணிப்புக் கிணறு நீர் இறைக்கும் கிணறு அன்று. அதன் துளையிட்ட குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக இருக்க வேண்டும்; முழுவதும் நீருக்குள் மூழ்கியிருந்தால் மிதக்கும் எரிபொருள் உள்ளே வராது. இங்கேதான் நம் ஊரின் பருவங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் மழையில் சென்னையில் பல கிணறுகள் தரைமட்டம் வரை நிறைந்தன. 2019 கோடையில் பல கிணறுகள் வறண்டன. இரண்டையும் தாங்கும்படி, அப்பகுதியின் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே ஒன்றிரண்டு மீட்டர் வரை துளைப்பகுதி செல்ல வேண்டும். அந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், ஒரே நீண்ட கிணற்றுக்குப் பதிலாக ஆழம் வேறுபட்ட இரு கிணறுகளை அருகருகே அமைப்பது நல்லது. நீண்ட துளைப்பகுதியில் மாசுள்ள நீரும் நல்ல நீரும் கலந்து, அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

குழாய் 50 அல்லது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி போதும். ஆனால் இணைப்புகள் மரையிட்டவையாக இருக்க வேண்டும். பிளம்பர் வழக்கமாகத் தடவும் சொல்யூஷனை ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. அதிலுள்ள கரைப்பான்கள் நீரில் இறங்கி ஆய்வகத்தின் கருவியில் மாசாகத் தெரியும். துளைப்பகுதியைச் சுற்றிக் கழுவிய சன்னச் சரளை, அதற்கு மேல் அரை மீட்டருக்குக் குறையாமல் பென்டோனைட் களிமண் அடைப்பு, அதன்மேல் சிமென்ட், உச்சியில் பூட்டுள்ள மூடி. பென்டோனைட் அடைப்பு இல்லாத கிணறு, சாலையின் எண்ணெய்க் கழிவை மழைநீரோடு நேரே நிலத்தடிக்கு இறக்கும் புனல்.

திருவான்மியூர் போன்ற கடற்கரை மணற்பகுதியில் கை போர் முறையே சிறந்தது: ஆழம் குறைவு, காற்றழுத்தம் தேவையில்லை. பல்லாவரம், தாம்பரம் பக்கத்துச் சார்னகைட் பாறையிலும் கோவையின் நைஸ் பாறையிலும் கம்ப்ரசர் வண்டி தவிர வழியில்லை. அந்த இயந்திரத்தின் காற்றோடு எண்ணெய் கலந்து வரும் என்பதால் வடிகட்டி பொருத்தச் சொல்ல வேண்டும். தோண்டி முடித்து நீரைத் தெளியும் வரை இறைத்துவிட்டு, இரண்டு வாரமாவது கழித்தே முதல் மாதிரியை எடுக்க வேண்டும். மிக முக்கியமாக, களிமண் அடுக்கையோ சிதைந்த பாறை அடுக்கையோ தாண்டிக் கீழே போக வேண்டிய கட்டாயம் இல்லாதபோது போகாதீர்கள். மேலே தேங்கி நிற்கும் மாசுக்கு நாமே ஆழத்துக்கு வழி திறந்துவிட்டவர்களாவோம்.

நீர்மட்டமும் ஓட்டத் திசையும்

இத்துறையில் எனக்குள்ள உறுதியான கருத்து இது: நீர்மட்டம் அளக்காமல் எடுத்த நீர் மாதிரி, எவ்வளவு விலையுயர்ந்த ஆய்வகத்துக்குப் போனாலும், பாதி விடையைத்தான் தரும். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் ஒரு கிணற்றில் மாசு இல்லை என்று சொல்வதில் பொருளில்லை. அந்தக் கிணறு மாசின் வழியிலேயே இல்லாமல் இருக்கலாம்.

எல்லாக் கிணறுகளின் வாய் உயரத்தையும் ஒரு பொது அடையாளத்திலிருந்து மட்டக்கருவியால் அளந்து, குழாயின் விளிம்பில் அழியாத மையால் குறியிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் குறியிலிருந்தே நீர் வரை உள்ள ஆழத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தோடு அளக்க வேண்டும். அருகிலுள்ள வீடுகளில் காலையில் மோட்டார் போடுவதற்கு முன், எல்லாக் கிணறுகளையும் ஒரு மணி நேரத்துக்குள் அளந்து முடிப்பது அவசியம். மோட்டார் ஓடும்போது நீர் அதை நோக்கி இழுபடும். அப்போது காணும் திசை இயல்பான திசை அன்று.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டு வாசற்படியை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிணற்றின் வாய் 10.12, நீர் ஆழம் 4.62, நீர்மட்டம் 5.50. இரண்டாம் கிணற்றின் வாய் 9.95, ஆழம் 4.75, நீர்மட்டம் 5.20. மூன்றாம் கிணற்றின் வாய் 10.30, ஆழம் 4.90, நீர்மட்டம் 5.40. மூன்றாவதில்தான் நீர் மிக ஆழத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் உண்மையில் தாழ்ந்த மட்டம் இரண்டாவதில். முதல் கிணற்றுக்கும் இரண்டாவதற்கும் இடையே 30 மீட்டர் என்றால், அந்தக் கோட்டில் முதல் கிணற்றிலிருந்து 10 மீட்டரில் மட்டம் 5.40 ஆக இருக்கும். அந்தப் புள்ளியையும் மூன்றாம் கிணற்றையும் இணைத்தால் கிடைப்பது சமமட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, இரண்டாம் கிணறு இருக்கும் பக்கமாக நீர் செல்கிறது. தாளும் அளவுகோலும் இருந்தால் இதைப் பள்ளி மாணவரும் செய்யலாம். பாறைப் பகுதியில் மட்டும் இதை முழுமையாக நம்பக் கூடாது. வெடிப்பின் போக்கு நீரை வேறு பக்கம் திருப்பிவிடும்.

மிதக்கும் எரிபொருள் உண்டா?

மாதிரி எடுக்கும் முன் இதைப் பார்த்தாக வேண்டும். எண்ணெயையும் நீரையும் வேறுவேறு ஒலியால் காட்டும் அளவுநாடா உண்டு, விலை அதிகம். அது இல்லாவிட்டால், பங்க் ஊழியர்கள் தொட்டியின் அடியில் நீர் இருக்கிறதா என்று பார்க்க டிப் ராடில் தடவும் வாட்டர் பேஸ்ட் உதவும். எடை கட்டிய உலோக நாடாவில் பேஸ்ட் தடவி இறக்கினால் நீர் பட்ட இடம் வரை நிறம் மாறும். எரிபொருளைக் காட்டும் பேஸ்டை நாடாவின் மறுபுறம் தடவினால் எரிபொருளின் மேல்மட்டம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மிதக்கும் படலத்தின் தடிமன். படலம் நீரை அழுத்துவதால், அளந்த நீர்மட்டத்தோடு தடிமனின் முக்கால் பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 8 சென்டிமீட்டர் பெட்ரோல் என்றால் 6 சென்டிமீட்டர்.

கிணற்றுக்குள் தெரியும் தடிமன் மண்ணுக்குள் உள்ள உண்மையான தடிமனைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். எனவே அதை வைத்து இத்தனை ஆயிரம் லிட்டர் கசிந்தது என்று கணக்கிட்டு அறிவிக்காதீர்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது எரிபொருள் மண் துகள்களுக்கிடையே நீருக்கடியில் சிக்கிக்கொண்டு கிணற்றிலிருந்து மறைந்துவிடும்; கோடையில் மட்டம் இறங்கியதும் திரும்ப வந்து சேரும். டிசம்பரில் பார்த்துவிட்டு எரிபொருள் போய்விட்டது என்று கோப்பை மூடிய இடங்களில் மே மாதம் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். படலம் இருக்கும் கிணற்றில் நீர் மாதிரி எடுப்பதில் பயனில்லை. அங்கே உடனடித் தேவை எரிபொருளை அகற்றுவது.

மாதிரி எடுத்தல்

பென்சீன் காற்றில் எளிதில் ஆவியாகும் பொருள். மாதிரி எடுப்பவரின் கையில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, வாளியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, வண்டியின் பின்பெட்டியில் வைத்து வெயிலில் கொண்டுபோனால், ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வது நீர் மட்டுமே.

முதலில் கிணற்றில் தேங்கிய பழைய நீரை வெளியேற்ற வேண்டும். வழக்கமான முறை, குழாயில் நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்கை இறைப்பது. 100 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 7.85 லிட்டர் நிற்கும். 3 மீட்டர் நீர் இருந்தால் சுமார் 24 லிட்டர், மூன்று மடங்கு 72 லிட்டர். இதைவிடச் சிறந்தது மெதுவாக இறைக்கும் முறை: நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை இறைத்தபடி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து, அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பி.எச். 0.1க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும், ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள்ளும் நிலைபெற்ற பிறகு மாதிரி எடுப்பது. உறிஞ்சும் பம்புகள் ஆவியாகும் பொருளை இழக்கச் செய்யும். நீருக்குள் மூழ்கும் சிறு பம்பு நல்லது. அதுவும் இல்லையென்றால் அடியில் வால்வுள்ள, ஒரே முறை பயன்படுத்தும் குழாய்க்குவளையைக் கயிற்றில் கட்டி, தளும்பாமல் மெல்ல இறக்கி மெல்ல எடுக்கலாம். இறைத்த நீரைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாமல் டிரம்மில் சேமித்து, முடிவு வந்த பிறகு உரிய முறையில் அகற்றுங்கள்.

கலன் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியாக, டெஃப்ளான் படிந்த மூடியோடு இருக்க வேண்டும், ஆய்வகமே தரும். நீரைக் குப்பியின் சுவரோரமாக மெதுவாக வழியவிட்டு, விளிம்புக்கு மேல் குமிழாக நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். காற்றுக்குமிழி தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறு குப்பியில் எடுங்கள். நுண்ணுயிர்கள் மாசைத் தின்றுவிடாமல் இருக்கச் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த குப்பிகள் வரும்; அவை 14 நாள் வரை தாங்கும். ஆனால் நம் ஊரின் கடின நீர் அமிலம் பட்டதும் நுரைக்கும். அந்த நுரையே பென்சீனை வெளியேற்றிவிடும். நுரை கண்டால் அமிலமில்லாத குப்பியில் எடுத்து, அதை மாதிரியோடு போகும் சீட்டில் எழுதி, 7 நாள்களுக்குள் சோதிக்கச் சொல்லுங்கள்.

குப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையால் குப்பியைத் தொடக் கூடாது. ஜெனரேட்டரின் புகை கிணற்றுப் பக்கம் வராதபடி, காற்று போகும் திசையில் அதைத் தள்ளி வையுங்கள். தூய நீர் நிரப்பிய குப்பி ஒன்று ஆய்வகத்திலிருந்து புறப்பட்டுத் திறக்கப்படாமலே திரும்பிப் போக வேண்டும். அதில் பென்சீன் தெரிந்தால் அன்றைய மாதிரிகளை நம்ப முடியாது. பத்துக்கு ஒன்று வீதம் இரட்டை மாதிரியும் எடுங்கள். எப்போதும் மாசு குறைந்த கிணற்றில் தொடங்கி மிகுந்த கிணற்றில் முடியுங்கள்.

ஆய்வகத்திடம் என்ன கேட்பது?

சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் பென்சீன் வராது. "ஆயில் அண்ட் கிரீஸ்" சோதனையைச் சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. அச்சோதனையில் கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கி எஞ்சியதை எடை போடுகிறார்கள். பெட்ரோலின் இலேசான பொருள்கள் எல்லாம் அந்தச் சூட்டிலேயே போய்விடும். பென்சீன், டொலுயீன், எதில்பென்சீன், சைலீன், நாப்தலீன், எம்.டி.பி.இ. (பெட்ரோலில் ஆக்டேனைக் கூட்டச் சேர்க்கும் பொருள்) ஆகியவற்றை வாயு நிறப்பிரிகை-நிறை நிறமாலை (ஜி.சி.-எம்.எஸ்.) முறையில் தனித்தனியாக அளக்கும்படியும், டீசல் விற்ற இடமென்றால் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் அளக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. இந்தக் குறிப்பிட்ட சோதனைகளுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவுத்தாளில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்ற எண் அருகில் இருக்க வேண்டும். அந்த எண் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றால், வழிகாட்டு அளவைப்போல் நான்கு மடங்கு பென்சீன் இருந்தாலும் தாளில் "இல்லை" என்றே வரும். 1 மைக்ரோகிராம் வரை காணும் ஆய்வகத்தைத் தேடுங்கள்.

இவற்றோடு கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட், இரும்பு, மீத்தேன் ஆகியவற்றையும் அளந்தால், மண்ணின் நுண்ணுயிர்கள் மாசைச் சிதைக்கின்றனவா என்று தெரியும். மாசுப்பகுதிக்குள் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால் சிதைவு நடக்கிறது. கலிபோர்னியாவில் 1995இல் வெளியான லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ஆய்வு, கசிந்த தொட்டிகளிலிருந்து பென்சீன் பெரும்பாலும் 80 மீட்டருக்கு மேல் பரவுவதில்லை என்று காட்டியது இந்தச் சிதைவால்தான். ஆனால் அந்த ஆறுதலை வெடிப்புள்ள பாறைக்கும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்கும் நீட்டக் கூடாது. எம்.டி.பி.இ. வேறு வகை: நீரில் மிக எளிதில் கரைந்து, மெதுவாகவே சிதைந்து, நெடுந்தொலைவு செல்லும். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996இல் தன் முக்கியக் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்தது அதனால்தான்.

எப்போது, எத்தனை முறை?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை தன் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறது. ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என அதை ஒட்டியே நம் அளவீட்டையும் வைத்துக்கொண்டால் அரசுத் தரவோடு ஒப்பிடலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகள், எட்டு முறை அளக்காமல் மாசு கூடுகிறது, குறைகிறது என்ற எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் நீர்மட்டத்தையும் பென்சீன் அளவையும் ஒரே வரைபடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். மழைக்குப் பின் மட்டும் அளவு குறைந்து கோடையில் பழையபடி ஏறினால் அது நீர்த்துப்போனது, மாசு போகவில்லை. மட்டம் உயரும்போதெல்லாம் அளவும் உயர்ந்தால், மண்ணில் ஒட்டியிருக்கும் எரிபொருளை நீர் ஏறித் தொட்டுக் கழுவுகிறது என்று கொள்ளலாம். அளவிடும் முறையையோ ஆய்வகத்தையோ நடுவில் மாற்றினால் அந்த நாளை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழி பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம், நல்ல சட்டம். ஆனால் பழைய தொட்டி இருந்த இடத்திலேயே அக்குழியைத் தோண்டினால், ஒவ்வொரு மழையும் மண்ணிலுள்ள எரிபொருளைக் கழுவி நிலத்தடிக்கு அனுப்பும். மனையின் நீர் வரும் பக்கமாக, தொட்டியிலிருந்து முடிந்த அளவு தள்ளி அமைக்கும்படி கட்டடப் பொறியாளரிடம் வலியுறுத்துங்கள்.

மாசு தெரிந்தால்

வழிகாட்டு அளவைத் தாண்டிய கிணற்றின் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை அன்றே நிறுத்த வேண்டும். கொதிக்கவைத்தால் சரியாகும் என்று எண்ணாதீர்கள். கொதிக்கும்போது பென்சீன் நீரை விட்டுச் சமையலறைக் காற்றில் கலக்கும், அதைச் சமைப்பவர் சுவாசிப்பார். வெந்நீர்க் குளியலும் அப்படியே. குளோரின் போடுவதால் பயனில்லை. வீட்டு ஆர்.ஓ. கருவியை இதற்கு நம்ப முடியாது. செயலூட்டிய கரி பிடித்துவைக்கும், ஆனால் அது நிறைந்துவிட்டதா என்று சோதனையின்றி அறிய வழியில்லை. மாற்று நீரே பாதுகாப்பான வழி. அடித்தளத்திலும் லிஃப்ட் குழியிலும் வாடை வந்தால் ஆவி கட்டடத்துக்குள் ஏறுகிறது என்று பொருள். காற்றோட்டம் ஏற்படுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, முடிவுத்தாள், வரைபடம், நீர்மட்டக் குறிப்பு, மாதிரி கைமாறிய விவரச்சீட்டு ஆகிய நான்கையும் இணைத்துத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும், பங்க் நடத்திய எண்ணெய் நிறுவனத்துக்கும் எழுதி ஒப்புகை பெறுங்கள். அசைவில்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். இலங்கையில் இருப்பவர்கள் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் எழுதலாம். யார் எடுத்த மாதிரி, எப்போது எடுத்தது, யார் கையில் இருந்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் மிகச் சரியான முடிவும் வழக்கில் நிற்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே அதை எழுதுங்கள். அண்டை வீட்டாருக்கும் முடிவைக் காட்டுங்கள். மனையின் விலை போய்விடும் என்ற அச்சத்தால் மறைப்பது அவர்களின் குழந்தைகள் குடிக்கும் நீரை மறைப்பதாகும்.

கண்காணிப்பு முடிந்த கிணறுகளைத் திறந்தபடி விட்டுவிடக் கூடாது. அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட்டும் சிமென்டும் கலந்த குழம்பால் நிரப்பி, இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, எல்லா முடிவுத்தாள்களோடும் சேர்த்து மனைப் பத்திரங்களுடன் வைத்துவிடுங்கள். அடுத்து அந்த இடத்தில் கிணறு தோண்ட வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆவணக் கட்டைத்தான்.